யாருக்காகத் திறந்திருக்கும் கதவு? இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளில் இயல்பிருப்பின் வரலாறு



பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு மாணவர் உலாவியைத் திறந்து ஒரு தளத்தின் முகவரியை உள்ளிடுகிறார். பக்கம் திரையில் தோன்றுவதற்கு முன், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள், அவருடைய கணினியும் தொலைவிலுள்ள மற்றொரு கணினியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. செய்தியை எம்முறையில் மறைத்துப் பேசுவது, அம்முறையின் எந்தப் பதிப்பைக் கைக்கொள்வது என்பதே அவ்வுடன்பாடு. மாணவரை யாரும் கேட்கவில்லை, ஆசிரியரையும் கேட்கவில்லை. எங்கோ ஒரு மென்பொருள் குழுவினர் பல மாதங்களுக்கு முன்போ பல ஆண்டுகளுக்கு முன்போ எடுத்த முடிவு அங்கே செயலுக்கு வருகிறது.

அம்முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டு வந்தது, அதனால் காக்கப்பட்டோர் யார், வெளியே நிறுத்தப்பட்டோர் யார் என்பதை ஏறத்தாழ 25 ஆண்டுக்கால வரலாற்றின் வழியே இவ்வுரையில் காண்போம். இது தொழில்நுட்பம் பயின்றோர்க்கு மட்டும் உரியது எனப் பலர் ஒதுக்கிவிடக்கூடும். எனினும், தமக்கெனத் தேர்ந்தெடுக்க இயலாதோருக்காகப் பிறர் தேர்ந்தெடுப்பதைப் பற்றிய வரலாறே இது. ஆதலின் அது நம் அனைவருக்கும் உரியதாகிறது.

சொல்லும் பொருளும்

மூன்று சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரு கணினிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான விதித்தொகுப்பே நெறிமுறை. யார் முதலில் பேசுவது, என்ன கூறுவது, மறுமொழி எவ்வாறு அமைவது என்பனவற்றை அது வரையறுக்கிறது. நூலுக்குப் பதிப்புகள் இருப்பதுபோல நெறிமுறைக்கும் பதிப்புகள் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நூலின் பழைய பதிப்பை ஒருவர் தனியே அமர்ந்து படிக்கலாம். நெறிமுறையின் எந்தப் பதிப்பும் மறுமுனையில் அதனை அறிந்த ஒருவர் இருந்தாலன்றிப் பயன்படாது.

மூன்றாவது சொல் இயல்பிருப்பு. பயனர் எதனையும் மாற்றாதபோது மென்பொருள் தானாகவே கொண்டிருக்கும் நிலையை இச்சொல் குறிக்கும். முன்னிருப்பு என்றும் இதனை வழங்குவர். இயல்பு என்னும் சொல் இங்கே சற்று ஏமாற்றக்கூடியது. அந்நிலை தானே அமைந்ததன்று. ஒருவர் அமைத்து வைத்தது. அமைப்புகளின் பக்கத்தைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே. எனவே, பெரும்பாலோருக்கு இயல்பிருப்பு எதுவோ அதுவே மென்பொருள்.

உலாவிக்கும், தளத்தைத் தாங்கி நிற்கும் வழங்கிக்கும் இடையிலான உரையாடல் 'கைகுலுக்கல்' என்னும் சடங்குடன் தொடங்குகிறது. உலாவி தான் அறிந்த உயர்ந்த பதிப்பை முதலில் அறிவிக்கும். அதனை வழங்கி அறிந்திருந்தால் ஏற்கும். அறியாவிடின் தான் அறிந்த உயர்ந்த பதிப்பைக் கூறும். புதியவர் பழையவரிடம் பேச நேர்ந்தால் பழைய மொழியில் பேசுவார். கேட்பதற்குப் பண்பான ஏற்பாடுதான். இப்பண்பினைப் பிறர் எவ்வாறு தவறாகப் பயன்படுத்தினர் என்பதே நம் வரலாற்றின் பெரும்பகுதி.

தொடக்க ஆண்டுகள்

இணையத்தில் வாணிகம் நடைபெற வேண்டுமாயின் கடன் அட்டை எண் வழியில் பிறர் கண்ணில் படாமல் செல்ல வேண்டும். இத்தேவைக்காக நெட்ஸ்கேப் நிறுவனம் உருவாக்கியதே எஸ்.எஸ்.எல். என்னும் நெறிமுறை. அதன் முதற்பதிப்பு வெளியிடப்படவே இல்லை. இரண்டாம் பதிப்பு 1995இல் வெளிவந்தது. அதில் பெருங்குறை ஒன்று இருந்தது. கைகுலுக்கலின்போது பரிமாறப்படும் பேச்சு திருத்தப்படவில்லை என்பதை உறுதிசெய்ய வழியில்லை. வழியிடையே நிற்கும் ஒருவன், இருவரும் அறிந்த மறையாக்க முறைகளின் பட்டியலை மாற்றி, அவற்றுள் மிக நலிந்ததையே அவர்கள் தேர்ந்தெடுக்குமாறு செய்துவிட முடிந்தது.

1996இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இதனைச் சரிசெய்தது. கைகுலுக்கல் முடியும்போது, அதுவரை பேசிய அனைத்தையும் இருபுறமும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அதில் வந்தது. பின்னர் இணையப் பொறியியல் பணிக்குழு இப்பொறுப்பை ஏற்று, 1999 ஜனவரியில் டி.எல்.எஸ். 1.0 என்னும் பெயரில் புதிய நெறிமுறையை வெளியிட்டது. பெயர் மாறினும் மரபு மாறவில்லை. கம்பிவழியே செல்லும் செய்தியில் அது தன்னை 3.1 என்றே குறித்துக்கொள்கிறது. 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3 என அடுத்தடுத்த பதிப்புகள் வெளிவந்தன.

ஆண்டுகளை மட்டும் நோக்கினால் இது சீரான வளர்ச்சியாகத் தோன்றும். எந்த ஆண்டில் எந்தப் பதிப்பு எழுதப்பட்டது என்பதைக் காட்டிலும், எந்த ஆண்டில் அது இயல்பிருப்பானது என்பதே பயனருக்குப் பொருட்டாகும். அங்கேதான் கதை வேறுவகையாகச் செல்கிறது.

கையில் இருந்தும் பயன்படாத காப்பு

2001இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியை எடுத்துக்கொள்வோம். டி.எல்.எஸ். 1.0 அதற்குத் தெரியும். ஆயினும் இயல்பிருப்பில் அது அணைக்கப்பட்டிருந்தது. குறைகள் அறியப்பட்ட எஸ்.எஸ்.எல். 2.0 இயக்கத்தில் இருந்தது. 2006இல் ஏழாம் பதிப்பு வந்தபோதுதான் அந்நிலை தலைகீழானது. ஆன்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2012இல் வெளிவந்த 4.1 டி.எல்.எஸ். 1.2 பதிப்பை அறிந்திருந்தது; எனினும் 2014இல் 5.0 வரும்வரை அது இயல்பிருப்பாக இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும், 2008இல் எழுதப்பட்ட அப்பதிப்பு 2014 பிப்ரவரியில்தான் இயல்பிருப்பானது.

ஏன் இத்தனை தயக்கம்? பொறியாளர்களின் சோம்பல் என்று இதனைத் தள்ளிவிட இயலாது. புதிய பதிப்பு எண்ணைக் கேட்டதும், தாம் அறிந்த பழைய பதிப்பைக் கூற வேண்டிய வழங்கிகள் பல, விதியை மீறி இணைப்பையே துண்டித்துவிட்டன. புதிய பதிப்பை இயக்கிய உலாவியில் அத்தளங்கள் திறக்கவில்லை. பயனர் என்ன எண்ணுவார்? தளம் பழுது என்று எண்ணமாட்டார். நேற்றுவரை திறந்த தளம் உலாவியைப் புதுப்பித்தபின் திறக்கவில்லை, ஆகவே உலாவியே பழுது என்று எண்ணுவார். வேறோர் உலாவிக்குச் செல்வார், அல்லது பழைய உலாவிக்கே திரும்பிவிடுவார். வழங்கிகள் ஏற்கவில்லை என்று உலாவிகள் தயங்கின. உலாவிகள் கேட்கவில்லை என்று வழங்கிகள் வாளாவிருந்தன.

தாழ்ந்து பேசும் பழக்கம்

இச்சிக்கலுக்கு உலாவியாளர்கள் கண்ட வழி எளியது. உயர்ந்த பதிப்பில் அழைத்து இணைப்பு துண்டிக்கப்பட்டால், அதனினும் தாழ்ந்த பதிப்பில் மீண்டும் அழைப்பது. அதுவும் துண்டிக்கப்பட்டால் இன்னும் ஒரு படி இறங்குவது. நெறிமுறையின் விதிகளில் இவ்வழி இல்லை. தளங்கள் திறக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் அது நடைமுறையில் வேரூன்றியது.

ஆனால், பழைய வழங்கி இணைப்பைத் துண்டித்ததா, வழியிடையே நிற்கும் திருடன் துண்டித்தானா என்பதை உலாவி எவ்வாறு அறியும்? அறியாது. இரண்டும் அதற்கு ஒன்றே. ஆகவே, இருமுனையிலும் புதிய பதிப்பு இருந்தபோதும், இணைப்பைச் சிலமுறை துண்டிப்பதாலேயே அவர்களைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட முடிந்தது. மூன்றாம் பதிப்பு கொண்டுவந்த ஒப்பீட்டு ஏற்பாடும் இங்கே உதவவில்லை. ஒவ்வோர் அழைப்பும் தனி உரையாடலாக இருந்தமையால், முந்தைய அழைப்புகள் முறிந்த செய்தி அவ்வொப்பீட்டில் இடம்பெறவில்லை.

2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர் மூவர் இதனை உலகுக்கு எடுத்துக்காட்டினர். பூடில் எனப் பெயரிடப்பட்ட அத்தாக்குதலின் ஆங்கிலப் பெயர்விரிவிலேயே 'தாழ்த்தப்பட்ட பழைய மறையாக்கம்' என்னும் பொருள் அடங்கியிருந்தது. உலாவியை எஸ்.எஸ்.எல். 3.0 வரை இறக்கி, அப்பதிப்பின் குறையைப் பயன்படுத்தி, உள்நுழைந்தோரின் அடையாளக் குறியீட்டை எழுத்தெழுத்தாகக் கண்டறிவது அதன் முறை. அப்போது அப்பதிப்புக்கு வயது 18. அதனை உண்மையிலேயே தேவையாகக் கொண்டிருந்தோர் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஆறாம் பதிப்பு உலாவியை வைத்திருந்தவர்களே. அவர்களுக்காகத் திறந்து வைத்த கதவின் வழியே மற்ற அனைவரின் வீட்டுக்குள்ளும் திருடன் நுழைய முடிந்தது.

சில வாரங்களில் உலாவிகள் அக்கதவை மூடத் தொடங்கின. டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 34 எஸ்.எஸ்.எல். 3.0 பதிப்பை அணைத்தது. 2015 ஏப்ரலில் ஒரு புதிய குறியீடு தரநிலையாக வெளியிடப்பட்டது. தாழ்ந்து அழைக்கும் உலாவி 'நான் இறங்கி வந்திருக்கிறேன்' என அக்குறியீட்டால் வழங்கிக்குத் தெரிவிக்கும். 'இறங்க வேண்டிய தேவை இல்லையே' என அறியும் வழங்கி அவ்விணைப்பை மறுத்துவிடும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் எஸ்.எஸ்.எல். 3.0 கைவிடப்பட வேண்டியது எனப் பணிக்குழு அறிவித்தது.

சட்டம் விட்டுச்சென்ற எச்சம்

பழைய வழங்கிகளின் பழுதால் மட்டுமே நலிந்த முறைகள் நிலைத்தன என்று கருதுதல் பொருந்தாது. 1990களில் அமெரிக்க அரசு, வலிய மறையாக்கத்தைப் படைக்கலத்துக்கு நிகராகக் கருதி அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாடுகளுக்குச் செல்லும் மென்பொருளில் மறையாக்கத் திறவுகோலின் நீளம் 40 பிட் அளவோடும், திறவுகோல் பரிமாற்றத்திற்கான ஆர்.எஸ்.ஏ. திறவுகோல் 512 பிட் அளவோடும் நின்றன. அமெரிக்காவுக்கு வெளியே வாழ்ந்த மக்களின் உலாவிகளில் வேண்டுமென்றே நலிவாக்கப்பட்ட காப்பே இயல்பிருப்பாக வந்தது. 1995ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒருவர் 40 பிட் திறவுகோலை எட்டு நாள்களில் உடைத்துக் காட்டினார்.

2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆனால் நலிந்த முறைகள் வழங்கிகளிலேயே தங்கிவிட்டன. பயன்படாத ஒன்றை நீக்குவானேன், யாரேனும் கேட்டால் இருக்கட்டுமே என்பது பொது மனநிலை. 15 ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில், ஃப்ரீக் என்னும் தாக்குதல் வெளிப்பட்டது. உலாவி கேட்காத நலிந்த திறவுகோலை வழங்கியிடம் தாக்குவோனே கேட்டுப் பெற்று, உலாவியை அதனை ஏற்கச் செய்ய முடிந்தது. சட்டம் மறைந்தும் அதன் எச்சம் மறையவில்லை.

2016 மார்ச்சில் வெளியான டிரவுன் என்னும் தாக்குதல் இன்னும் கடுமையான உண்மையை உணர்த்தியது. எஸ்.எஸ்.எல். 2.0 பதிப்பைப் பேசும் வழங்கி ஒன்று, புதிய பதிப்பு வழங்கிக்குரிய அதே திறவுகோலைப் பயன்படுத்தினால், புதிய பதிப்பில் மட்டுமே பேசிய பயனர்களின் செய்தியையும் படித்துவிட முடிந்தது. பழைய கதவைப் பயன்படுத்தாதோரும் அது திறந்திருந்த காரணத்தாலேயே இழப்புக்கு ஆளாயினர். 'பழையதை வைத்திருப்பதால் யாருக்கு என்ன கேடு?' என்னும் கேள்விக்கு வரலாறு தந்த விடை இது.

மாறுவேடத்தில் வந்த புதிய பதிப்பு

இப்பட்டறிவுகளோடு டி.எல்.எஸ். 1.3 உருவாயிற்று. 2014இல் தொடங்கிய அப்பணியில் 28 வரைவுகள் எழுதப்பட்டன. பழைய நலிந்த முறைகள் பல அதிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன. எனினும் அதனை நடைமுறையில் சோதித்தபோது பழைய சிக்கல் மீண்டும் தலைதூக்கியது. வழங்கிகள் மட்டுமன்றி, அலுவலகங்களும் பள்ளிகளும் தம் வலையமைப்பின் வாயிலில் வைத்திருந்த இடைநிலைக் கருவிகளும் புதிய பதிப்பைக் கண்டு திகைத்து இணைப்பை முறித்தன.

பணிக்குழுவினர் கண்ட தீர்வு வியப்புக்குரியது. கைகுலுக்கலில் பதிப்பு எண்ணுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் 1.2 பதிப்புக்குரிய எண்ணையே நிலையாக எழுதிவிட்டு, உண்மையான பதிப்பை வேறோர் இணைப்புப் பகுதியில் குறித்தனர். பழைய கருவியின் கண்ணுக்கு அது பழக்கமான 1.2 உரையாடலின் தொடர்ச்சியாகவே தோன்றும். அறிந்தோர் மட்டும் உள்ளே உள்ளதைப் படிப்பர். யாரேனும் வலிந்து தாழ்த்தினால் அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் வழங்கியின் மறுமொழியில் சேர்க்கப்பட்டது.

புதியதைக் கண்டு அஞ்சும் இப்பழக்கத்தைத் தடுக்க மற்றொரு வழியும் வகுக்கப்பட்டு, 2020 ஜனவரியில் ஆவணமாக வெளியிடப்பட்டது. அதன்படி உலாவிகள், பொருளற்ற புதிய எண்களைத் தம் பட்டியலில் அவ்வப்போது வேண்டுமென்றே கலந்து அனுப்புகின்றன. அறியாததைக் கண்டால் புறக்கணித்துவிட்டு மேலே செல்ல வேண்டும் என்னும் விதியை வழங்கிகள் மறவாதிருக்கவே இப்பயிற்சி. நெடுநாள் திறவாத கதவின் கீல் துருப்பிடிக்கும் அன்றோ? அதற்கு அன்றாடம் எண்ணெய் இடுவது போன்ற செயல் இது. கிரீஸ் என்றே அதற்குப் பெயரும் இட்டனர்.

2020ஆம் ஆண்டின் பாடம்

இதுவரை கூறியவற்றைக் கேட்போர், பழையதை உடனுக்குடன் மூடிவிடுதலே அறிவுடைமை எனக் கருதக்கூடும். 2020ஆம் ஆண்டு அக்கருத்தையும் சோதித்துப் பார்த்தது.

2018 அக்டோபர் 15ஆம் நாள் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகிய நான்கும் தத்தம் அறிவிப்புகளை ஒருங்கே வெளியிட்டன. டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய பதிப்புகளை 2020இன் முற்பகுதியில் அணைத்துவிடப் போவதாக அவை கூறின. ஒருவர் மட்டும் மூடினால் பயனர் மற்றவரிடம் செல்வர். நால்வரும் சேர்ந்து மூடினால் தளத்தை நடத்துவோர்தாம் மாற வேண்டியிருக்கும். முன்னைய தயக்கத்தின் காரணத்தை உணர்ந்து எடுத்த முடிவு அது. ஓராண்டுக்கும் மேற்பட்ட அவகாசமும் அளிக்கப்பட்டது. அப்போது அப்பழைய பதிப்புகளைப் பயன்படுத்திய இணைப்புகள் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்தன.

2020 மார்ச் 10ஆம் நாள் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 74 சொன்னபடியே அவற்றை அணைத்தது. அது பெருந்தொற்று உலகெங்கும் பரவிய மாதம். மலேசியாவில் மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்ததையும், சிங்கப்பூரில் ஏப்ரல் 8ஆம் நாள் முதல் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்து பயிலத் தொடங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மக்கள் தங்கள் அரசின் தளங்களைத் தேடிச் சென்ற அந்நாள்களில், கோவிட் செய்திகளைத் தாங்கிய அரசுத் தளங்கள் சில இன்னும் பழைய பதிப்பையே பேசிக்கொண்டிருந்தன. மொசில்லா தன் முடிவைத் திரும்பப் பெற்று, அணைத்த பதிப்புகளை மீண்டும் இயக்கியது. முக்கிய அரசுத் தளங்களை மக்கள் அணுக வேண்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். ஜூன் 30ஆம் நாள் வெளிவந்த 78ஆம் பதிப்பில் மறுபடியும் அவை அணைக்கப்பட்டன. ஆனால், பிழையைத் தெரிவிக்கும் பக்கத்திலேயே, தேவைப்படுவோர் அவற்றை இயக்கிக்கொள்வதற்கான பொத்தான் ஒன்றும் இருந்தது. 2021 மார்ச்சில் பணிக்குழு அவ்விரு பதிப்புகளையும் முறைப்படி கைவிட்டது.

பின்வாங்கியது தோல்வியா? நாம் அவ்வாறு கருதவில்லை. நூற்றில் ஒன்று என்னும் கணக்கு இணைப்புகளின் கணக்கு. அதன் மறுபுறத்தில் இருப்போர் யார் என்பதை அது கூறாது. புதிய கைப்பேசி வாங்க இயலாதவர், பழைய கணினியைக் கொண்டு காலந்தள்ளும் சிற்றூர்ப் பள்ளி, பணியாளர் பற்றாக்குறையால் வழங்கியைப் புதுப்பிக்காத அலுவலகம் ஆகியோரே பெரும்பாலும் கடைசியில் எஞ்சுவர். கதவு மூடப்படும்போது வெளியே நிற்பவரும் அவர்களே. மூடாவிடின் திருடனுக்கு முதலில் இரையாவோரும் அவர்களே. எனவே, அவர்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பதும் இரக்கமாகாது. சொல்லாமல் அடைப்பதும் நீதியாகாது.

தமிழுக்குப் புதிதன்று

மொழியைப் பேணுவோர்க்கு இத்தகைய மாற்றம் பழக்கமானதே. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தன. ஒருவர் தட்டச்சிட்ட பாடத்தை மற்றொருவர் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு முதலாகப் பல முயற்சிகள் நிகழ்ந்து, இன்று யூனிகோடு இயல்பிருப்பாகிவிட்டது. அம்மாற்றத்தில் பழைய கோப்புகளை மாற்றித் தரும் மாற்றிகள் உதவின. இரு முறைகளும் சிலகாலம் அருகருகே இருந்தன. அங்கே தாமதத்தின் விலை படிக்க இயலாத பக்கம். பாதுகாப்பு நெறிமுறையில் தாமதத்தின் விலை களவுபோன கடவுச்சொல். இடைக்காலம் ஒன்று தேவை என்பதும், அதற்கு முடிவு வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது.

நிறைவாக

இவ்வரலாறு நமக்குக் காட்டும் நெறி ஒன்றே. இயல்பிருப்பு உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். விதிவிலக்கு வெளிப்படையாகவும் முடிவுநாளுடனும் இருத்தல் வேண்டும். பூடிலுக்கு முன் உலாவிகள் அமைதியாக இறங்கிச் சென்றன. பயனருக்கு அது தெரியவே இல்லை. 78ஆம் பதிப்பின் பொத்தான், இறங்குகிறோம் என்பதைப் பயனருக்கு உணர்த்தி, அவர் கையாலேயே அதனைச் செய்வித்தது. இரண்டிலும் பழைய தளம் திறந்தது. ஆனால் முன்னதில் பயனர் இருளில் இருந்தார், பின்னதில் அறிந்து செயல்பட்டார்.

நம் மாணவருள் சிலர் நாளை மென்பொருள் எழுதுவர்; வேறு சிலர் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கணினிகளை நிர்வகிப்பர். 'பழையதும் இருக்கட்டுமே' என்று ஒரு கட்டத்தில் குறியிடும்போதோ, 'எல்லாவற்றையும் மூடிவிடுக' என்று கட்டளையிடும்போதோ, தாம் யாருக்காக அதனைச் செய்கிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக. அமைப்புகளின் பக்கத்தை ஒருபோதும் திறவாத கோடிக்கணக்கானோர் அவர்தம் முடிவையே நம்பி இணையத்தில் உலவுகின்றனர்.